சாயா மாத்திரை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

இளைய மகனுக்கு எட்டு மாதமானபோது, எங்கள் ஊர்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாயா என்ற கருத்தடை மாத்திரையை வாங்கத் தொடங்கினேன். காப்பர்-டி வைத்துக்கொள்ளத்தான் முதலில் சொன்னார்கள்; ரத்தசோகையோடு இருந்த எனக்கு, மாதவிலக்கில் உதிரப்போக்கு இன்னும் கூடிவிடுமோ என்ற தயக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனால், அதன் வேகம் அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். தினமும் விழுங்கும் மாத்திரையோ எனக்குச் சரிவராது. மூத்தவளுக்குப் பின் அதை மறந்த நாள்களுக்குக் கணக்கில்லை, அந்த மறதியில் வந்தவன்தான் மேற்படி இளைய மகன்.

சாயாவில் இருப்பது, லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, 1991-இல் சஹேலி என்ற பெயரில் விற்பனைக்கு வந்த சென்ட்குரோமன். இது ஹார்மோன் மாத்திரை அன்று. கருமுட்டை வெளிவருவதைத் தடுக்காமல், கரு கருப்பையில் பதியவிடாமல் செய்கிறது. பாலூட்டும் தாய்மாரும் உட்கொள்ளலாம். எனக்குக் குமட்டலோ உடல் பருமனோ ஏற்படவில்லை. மஞ்சள் காமாலை, கல்லீரல் நோய், சினைப்பையில் நீர்க்கட்டித் தொல்லை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மாதவிலக்கின் முதல் நாளில் தொடங்கி, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று என்பதே கணக்கு. எனக்கு அமைந்தவை ஞாயிறும் புதனும். சமையலறை நாள்காட்டியில் அந்த நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்தேன். மாமியார் அவற்றை விரத நாள்கள் என்றே இன்றுவரை நம்புகிறார். ஓரிரு நாள் தவறினால் நினைவு வந்ததும் விழுங்கிவிட்டு, அடுத்த மாதவிலக்குவரை ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். ஏழு நாளைத் தாண்டிவிட்டால் மீண்டும் வாரம் இரண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

மாத்திரையில் எனக்குக் குறையில்லை, அதைக் கொடுத்த விதத்தில்தான் குறை. தொடக்க மாதங்களில் மாதவிலக்கு தள்ளிப்போகக்கூடும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் பதினேழு நாள் தள்ளிப்போய், கர்ப்பப் பரிசோதனை அட்டையில் ஒற்றைக் கோடு தெரியும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பதினைந்து நாளைத் தாண்டினால் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரியை மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றையும் அங்கே சொல்வதில்லை. சென்ற மாதம் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், தம் கணவருக்குச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் சீழும் இருப்பதாகவும், தாம் சாயா போட்டுக்கொள்வதால் தமக்கு ஒட்டாது என்றும் காதோடு சொன்னார். சாயாவோ காப்பர்-டியோ ஊசியோ, எதுவும் பால்வினைத் தொற்றைத் தடுப்பதில்லை. அதற்கு ஆணுறைதான் வேண்டும். வெட்டை நோய் போன்றவை பெண்ணின் உடலில் அறிகுறியே காட்டாமல் இருந்து, கருக்குழாயைப் பாதிக்கக்கூடும். அவரைச் செவிலியரிடம் அழைத்துச் சென்றேன். இருவரும் சேர்ந்தே சிகிச்சை பெற வேண்டும், அது முடியும்வரை உறவு வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லி, அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குச் சீட்டு எழுதிய செவிலியர், அங்கேயே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் இலவசம், முடிவை வெளியே சொல்லமாட்டார்கள் என்றார். அந்தப் பெண் கேட்காமலேயே ஆணுறைப் பொட்டலம் ஒன்றையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.