கையால் வனைந்த பீங்கான்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

நாலு கிண்ணம், பிடி இல்லாத இரண்டு கோப்பை, மூடி போட்ட ஒரு ஜாடி. ஆரோவில் பக்கம் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு குயவரிடம் வாங்கியவை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் சில வருடங்களாகத் தினப் புழக்கத்தில் இருக்கின்றன. விலையைக் கேட்டதும் ஆச்சி, "ஏட்டி, இந்த ரூவாய்க்கு ஒரு பித்தளைச் சருவமே வாங்கிருக்கலாம்லா" என்றாள்.

அந்த விலைக்குக் காரணம் மண். பீங்கான் மண் என்பது வெண்களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்ற கல்வகைகளின் பொடி சேர்ந்த கலவை. மண்சட்டி வனையும் நம்ம காருகுறிச்சி மண் மாதிரி இழுத்த இழுப்புக்கு வராது. சக்கரத்தில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் சரிந்துவிடும். கோணிய விளிம்பைக் கையால் நிமிர்த்தி வைத்தாலும், சூளைக்குள் போனதும் பழைய கோணலுக்கே திரும்பப் பார்க்கும். சுமார் 1,300 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி இண்டு இடுக்கையெல்லாம் அடைக்கிறது. பாத்திரம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சுருங்கியும் விடுகிறது. எங்கள் கிண்ணங்களில் இரண்டுதான் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். மற்றவை முரண்டு பிடிக்கும். எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

அந்த இறுக்கம்தான் அன்றாட லாபம். ராத்திரி கருவாட்டுக் குழம்பு இருந்த கிண்ணத்தில் காலையில் தயிர் ஊற்றலாம், வாடை துளியும் இருக்காது. ஆனால் அடுப்பில் மட்டும் ஏற்றக் கூடாது. ஒரு பக்கம் சூடேறி விரிந்தால் விரிசல்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிக்கும் சொதியை ஊற்றுவதும் வேண்டாம். மணல் கலந்து குறைந்த சூட்டில் சுட்ட மண்சட்டி, துளைகள் இருப்பதால்தான் தீயைத் தாங்குகிறது. மீன் குழம்பு கொதிப்பது காருகுறிச்சிச் சட்டியில், பரிமாறுவது பீங்கானில் என்று எங்கள் வீட்டில் பாகம் பிரித்தாயிற்று.

ஒரு குறை: எவர்சில்வர் கரண்டி உரசிய இடத்தில் பென்சிலால் கிறுக்கியது போல் சாம்பல் கோடு விழுகிறது. கீறல் இல்லை அது. மேல்பூச்சு கரண்டியைவிடக் கெட்டி, அதனால் கரண்டியின் உலோகம்தான் தேய்ந்து ஒட்டுகிறது. சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போய்விடும்.

வாங்கும்போது பூ வேலையைப் பார்க்காதீர்கள், கவிழ்த்து அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே பூச்சு இருக்காது, வெறும் மண்தான். எங்கள் குயவர் சூளையிலிருந்து இறக்கிய பிறகு ஒவ்வொன்றையும் கல்லில் உரசி வழவழப்பாக்குகிறார். எங்கள் தேக்கு மேசையில் இன்றுவரை ஒரு கோடு விழவில்லை. மலிவாக வாங்கிய கடைக் கிண்ணம் ஒன்று அதே மேசையைப் பிறாண்டி வைத்திருக்கிறது.

கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே விட்ட விரலின் நிழல் வெளியே தெரியும், அவ்வளவு மெல்லிசு. அதனாலேயே விளிம்புவரை ஃபில்டர் காபி ஊற்றினால் கை சுடும். முக்கால் அளவு ஊற்றி, மேல் விளிம்பையும் அடியையும் பிடித்துக் குடிக்க வேண்டும்.

ஜாடிதான் தேறவில்லை. மூடியை ஒரே ஒரு பக்கமாகத் திருப்பினால்தான் உட்காரும், அப்படியும் இடைவெளி உண்டு. ஐப்பசி மழையில் உப்பு கசிந்துவிட்டது. இப்போது அதில் புளி இருக்கிறது. அடுத்து வாங்கினால் கிண்ணம் மட்டும்தான், அதுவும் இன்னும் கொஞ்சம் ஆழமாக.