பாதி விலைக்கு வந்த ஜீமேட் ஆப்: வாங்கலாமா?

எம்பிஏ படிப்பில் சேர எழுதும் ஜீமேட் தேர்வுக்கான பயிற்சி ஆப் ஒன்றின் ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். உடனே அலுவலகத்துத் தம்பி வந்துவிட்டான்: "அண்ணே, நீங்க அதுலதானே ஜீமேட்டுக்குப் படிக்கிறீங்க, நானும் வாங்கட்டுமா?" ஆப்பின் பெயர் வேண்டாம், வம்பு.

கேள்விகளில் குறையில்லை. என் எரிச்சலெல்லாம் விடை விளக்கத்தின் மேல்தான். கிரிட்டிக்கல் ரீசனிங்கில், அதாவது ஒரு சிறு பத்தியில் உள்ள வாதத்தை எடைபோடும் கேள்விகளில், தவறான ஆப்ஷன் எதைத் தொட்டாலும் ஒரே பல்லவி: அவுட் ஆஃப் ஸ்கோப். பத்தியில் இல்லாத விஷயமாம். அட, வாதத்தைப் பலவீனப்படுத்தும் கேள்விகளில் பத்தியில் இல்லாத விஷயம்தானே பெரும்பாலும் விடையாகவே வருகிறது!

உதாரணத்துக்கு, சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு சேலைக் கடை அக்டோபரில் விலையைக் குறைக்கிறது. விற்பனை கூடுகிறது. விலையைக் குறைத்ததுதான் காரணம் என்கிறார் முதலாளி. இதை உடைக்க ஒரு ஆப்ஷன்: தீபாவளி நெருங்கியதால், விலையைக் குறைக்காத பக்கத்துக் கடைகளிலும் விற்பனை அதே அளவு கூடியது. இன்னொன்று: கடைக்குச் சேலைகள் காஞ்சிபுரத்திலிருந்து வருகின்றன. தீபாவளியும் பத்தியில் இல்லை, காஞ்சிபுரமும் இல்லை. முன்னது ஏன் விடை, பின்னது ஏன் இல்லை? வேறொரு காரணத்தைக் காட்டி முடிவை ஆட்டுகிறது முன்னது. பின்னதால் முடிவுக்கு ஒரு கீறலும் இல்லை. இந்த இரண்டு வரியை எழுதத்தான் அவர்களுக்கு மனம் வரவில்லை. காசு வாங்கத் தெரிகிறது.

சரி, நியாயமாகவும் பேசுவோம். கடைசி இரண்டு ஆப்ஷன்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் தடுமாறினோம் என்று கேள்விவாரியாக ஒரு பட்டை காட்டுகிறது. இது அருமை. புதிய ஜீமேட்டில் வாக்கியத் திருத்தம் போய்விட்டது. வெர்பல் என்ற மொழிப் பகுதியில் படித்துப் புரிவதும் ரீசனிங்கும்தான். 45 நிமிடத்தில் 23 கேள்விகள், கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. திரும்பிப் போய் மாற்றவும் ஒரு பகுதிக்கு மூன்று விடைகள்தான். நேரம் எங்கே கசிகிறது என்று தெரிவது பெரிய விஷயம். ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை எம்ஆர்டி ரயிலில் நின்றபடி அந்தப் பட்டையைப் பார்ப்பதே பழக்கமாகிவிட்டது.

ஆனாலும் தம்பி, நீ வாங்காதே. தேர்வை நடத்துகிறவர்களே வெளியிடும் அதிகாரபூர்வக் கேள்விகளை முதலில் முடி.

நான் புதுப்பித்துவிட்டேன். பாதி விலைதானே.