யுஎஸ்பி கசற் பிளேயர்: மேளச்சமா சேர்ப்பவர்கள் வாங்கலாமா?

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போன் சாமான் விற்கும் கடைகளில் வோக்மன் அளவில் ஒரு யுஎஸ்பி கசற் பிளேயர் கிடைக்கிறது. மேலே என்ன பெயர் அடித்திருந்தாலும் உள்ளே கிடப்பது ஏறக்குறைய ஒரே மெக்கானிசம்தான்: இரண்டு பென்ரோச் பற்றறி அல்லது யுஎஸ்பி வழியாக 5 வோல்ற், ஒரு ஹெட்போன் துளை, பக்கம் முடிந்தால் தானாகத் திரும்பும் ஓட்டோ றிவர்ஸ். மேளச்சமா எனப்படும் கோயில் திருவிழா நாதஸ்வர தவில் கச்சேரி, கோவலன் கூத்து, பழைய வானொலிப் பதிவு என்று கசற் சேர்த்து மாற்றிக்கொள்பவர்கள் பலர் முதலில் வாங்குவது இதைத்தான். ஒழுங்காக ஓடும் பழைய டெக் (வீட்டில் வைக்கும் பெரிய கசற் பெட்டி) ஒன்றை வன்னியில் தேடிப் பிடித்து, அதற்கு பெல்ட்டும் றோளரும் தேடி அலைவதைவிட இது சுலபம்.

எந்தக் கசற்றில் என்ன இருக்கிறது என்று போட்டுப் பார்த்துப் பட்டியல் எழுத இந்தப் பெட்டி போதும். கூத்து, பேச்சு, மூன்றாம் நான்காம் கைப் பிரதி (பிரதியிலிருந்து எடுத்த பிரதி) ஆகியவற்றைக் கணினிக்கு ஏற்றவும் போதும். ஆனால் திருவிழாவில் நேரடியாகப் பதிந்த முதல் கைக் கசற் ஒன்று கைக்கு வந்தால், வேகத்தையும், ரேப்பைப் படிக்கும் ஹெட்டின் சரிவையும் திருத்தாமல் இதில் ஏற்றக்கூடாது. சில ரேப்புகள் இன்னும் ஒரே ஒரு தடவைதான் ஓடும்.

இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வயரால் லப்டொப்பில் கொழுவ வேண்டியது. கணினி அதை ஒரு சவுண்ட் கார்ட்டாக அடையாளம் காணும். மற்றது கணினி இல்லாமலே பென்ட்ரைவில் எம்பி3 ஆக எழுதும். வசதி என்று சொல்லிக் கடையில் இரண்டாவதைத்தான் முன்னுக்கு எடுத்து வைப்பார்கள். அதை விடுங்கள். அநேகமானவை 128 கிலோபிற்றில் எழுதுகின்றன. தவிலின் வலது பக்கமான வலந்தலையில் விரற்கூடு போட்ட விரல்கள் விழும்போது வரும் கூர்மைதான் அப்படி நெருக்கும்போது முதலில் மழுங்கும். பதியும்போது ஒலி மட்டத்தைக் கண்ணால் பார்க்கவும் வழியில்லை. சமா உச்சத்துக்குப் போகும் இடத்தில் சத்தம் உடைந்து பதிந்தால் அந்த உடைவு உடைவுதான்.

கணினி வகை 16 பிற்றில் மட்டும் பதிகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. சாதாரண கசற்றின் ஒலி வீச்சு 50, 60 டெசிபலுக்குள் அடங்கிவிடும்; 16 பிற் 96 டெசிபல் கொள்ளும். அது ஒரு குறையே அல்ல. இரைச்சல் குறைக்கும் டொல்பி இல்லை என்பதும் அப்படித்தான். டூ இன் வன் எனும் றேடியோக் கசற் பெட்டியைத் தூணோடு சாய்த்து வைத்துப் பதிந்த மேளத்தில் டொல்பி எங்கே இருந்தது? இங்கே அதிகம் புழங்கிய டீடிகே டி, சோனி எச்எஃப், மக்ஸெல் யூஆர் மூன்றும் முதல் வகை ரேப்புகள். 120 மைக்ரோசெக்கன் ஈட்டுக்கு, அதாவது உயர் ஒலியைச் சமன்செய்யும் அளவுக்கு, உரியவை. இந்தப் பிளேயரும் அதற்கே செய்யப்பட்டது. தப்பித்தவறி ஒரு குரோம் கசற் வந்தால் கீச்சென்று கேட்கும், கணினியில் குறைத்துக்கொள்ளலாம்.

உண்மையான குறை வேகம். கசற் விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். இந்தப் பெட்டிகள் கடையிலிருந்து வரும்போதே சில சதவீதம் பிசகியிருக்கும், பெரும்பாலும் வேகம் கூடிய பக்கம். 3 சதவீதம் கூடினால் 30 நிமிடப் பக்கம் ஏறக்குறைய 52 விநாடி முந்தி முடியும். 6 சதவீதம் கூடினால் 2 கட்டைச் சுருதியில் வாசித்தது 2½ கட்டையாகிவிடும். பிறகு “இது பாரியா திமிரியா”, நீண்ட நாதஸ்வரமா குட்டையானதா என்று ஆளுக்காள் வாதாடுவார்கள்.

சரிசெய்ய ஒரு சோதனைக் கசற் வேண்டும். நல்ல டெக் வைத்திருக்கும் ஒருவரிடம் 3150 ஹேர்ட்ஸ் ஒலியை ஐந்து நிமிடம் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிளேயரை முதலில் பத்து நிமிடம் ஓடவிட்டு மோட்டார் நிதானத்துக்கு வந்த பிறகு அந்தக் கசற்றைப் போட்டு ஓடாசிற்றி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து, பிளொட் ஸ்பெக்ட்ரத்தில் அளவை 65536 ஆக வைத்துப் பாருங்கள். உச்சம் 3245இல் நின்றால் 3 சதவீதம் கூட. வேகத் திருகாணி சில பெட்டிகளில் மோட்டாரின் பின்புற ஓட்டைக்குள் இருக்கும், சிலவற்றில் சர்க்கிட் போட்டில் சிறிய திருகியாக இருக்கும். மயிரளவு திருப்பி, மீண்டும் அளந்து, மீண்டும் திருப்ப வேண்டும். ஓட்டோ றிவர்ஸ் என்பதால் இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வராது. நல்லதாக வரும் திசையையே எப்போதும் பாவித்து, மற்றப் பக்கத்துக்குக் கசற்றைக் கையால் திருப்பிப் போடுங்கள்.

வேகம் சரியானாலும் கணத்துக்குக் கணம் வேகம் ஆடும் நடுக்கம் மிஞ்சும். நல்ல டெக்கில் அது 0.1 சதவீதத்துக்குள் இருக்கும், இதில் அதன் பல மடங்கு. ஓட்டத்தைச் சீராக்கும் ஃபிளைவீல் காசளவுக்குச் சிறியது, பாரமும் இல்லை, திருத்த ஒன்றுமில்லை. தவிலில் இது தெரியாது. நாதஸ்வரம் ஒரே ஸ்வரத்தில் நீண்டு நிற்கும் இடத்தில் காது கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது திருத்தம் ஹெட்டின் சரிவு. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகாணி ஒன்று உண்டு. பதிந்த பெட்டியின் ஹெட்டும் உங்கள் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் சத்தம் போர்வை போர்த்ததுபோல் வரும். ரேப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடும் கசற்றுகள் பலவற்றில் இந்தக் கோணப் பிசகுதான். கோயில் பதிவுகள் அநேகமாக மொனோ. அதுவே இங்கே வசதி. இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டபடி திருகாணியைக் கால் சுற்றுக்குள் முன்னும் பின்னும் அசையுங்கள். கோணம் பிசகியிருக்கும்வரை இரண்டு பக்கமும் ஒன்றையொன்று வெட்டி உயர் ஒலி அமுங்கும். சரியான இடத்தில் தாளச் சத்தம் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். சரியாக நின்ற பிறகு இரண்டையும் சேர்த்து மொனோவாக்கினால் இரைச்சலும் 3 டெசிபல் அளவு குறையும். அடுத்த கசற்றுக்கு மறுபடியும் பார்க்க வேண்டும், அது வேறு பெட்டியில் பதிந்தது. மூடி வழியாகத் திருகாணி எட்டாது. மூடியைக் கழற்றி வைத்துத்தான் வேலை.

இனி, பிளேயரின் குற்றமில்லாத குற்றங்கள். வன்னிக் கசற்றுகளுக்கென்று சில தனிக் குணங்கள் உண்டு, அவற்றைப் பெட்டியின் தலையில் கட்டக்கூடாது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றறியும் தடைப்பட்ட பொருளானபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் பாட்டுக் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வோற் ஆடலோட்டம் தரும். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு நேராக்கினால் பெட்டி ஓடும். சுற்றுகிறவர் களைத்தால் வோல்ற் இறங்கும், மோட்டார் தளரும். கேட்கும்போது அது பெரிய விசயமில்லை. பதியும்போது அப்படி நடந்தால், ரேப்பில் மெதுவாகப் பதிந்த அந்த இடம் சரியான பிளேயரில் வேகமாகவும் சுருதி ஏறியும் வரும். பற்றறி சாகச் சாகப் பதிந்த கசற்றிலும் இதேதான்: பக்கத்தின் முடிவை நோக்கிச் சுருதி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். பிளேயர் பழுது என்று கடைக்குக் கொண்டோடாமல், முதலில் வேறொரு கசற்றைப் போட்டுப் பாருங்கள்.

இதைக் கோப்பில் திருத்தலாம். கரண்டில் ஓடிய பெட்டியால் பதிந்த ரேப் என்றால் அடியில் மெல்லிய இரைச்சல் கிடக்கும்; இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அதன் இரட்டிப்பான 100ஐ ஸ்பெக்ட்ரத்தில் தேடுங்கள். 104இல் நின்றால் கோப்பு 4 சதவீதம் வேகம். பதிந்த பெட்டியின் பிழையும் உங்கள் பெட்டியின் பிழையும் சேர்ந்த கணக்கு இது. ஆகவே இதை வைத்து மோட்டார்த் திருகாணியைத் தொடாமல் ஓடாசிற்றியின் சேஞ்ச் ஸ்பீட்டில் திருத்துங்கள். சேஞ்ச் பிச்சில் திருத்தினால் சுருதி மட்டும் இறங்கும், காலப்பிரமாணம் பிழையாகவே நிற்கும். டைனமோ, பற்றறிக் கசற்றில் இந்த இரைச்சல் இராது. ஒரே சுருதியை இழுத்து ஊதும் ஒத்து அல்லது சுருதிப்பெட்டியைப் பிடித்துத் துண்டு துண்டாகத் திருத்த வேண்டும். ஜெனரேற்றரில் நடந்த திருவிழா என்றால் அந்த 50ஐ நம்ப வேண்டாம்.

தானியங்கி மட்டக் கட்டுப்பாடு இன்னொரு தொல்லை. பழைய டூ இன் வன்கள் பலத்த அடி விழுந்தவுடன் பதிவு மட்டத்தைத் தாங்களே இறக்கி, பிறகு மெல்ல ஏற்றும். தவில் ஒரு தீர்மானம் (முத்தாய்ப்பு) வைத்து முடித்ததும் நாதஸ்வரம் தூரத்திலிருந்து நடந்து வருவது அதனால்தான். எந்தப் பிளேயரும் அதை மாற்றாது.

தனித்தவில் மட்டும் பதிந்த கசற்றுகளும் வரும். ஆலாபனை தொடங்கியதும் நிறுத்திவிட்டு, தவில் தொடங்கியதும் அமுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு டொக் சத்தமும் சுருதி வழுக்கலும் இருக்கும். இந்தப் பித்து இங்கே மட்டும் உள்ளதல்ல. டீன் பெனடெட்டி என்ற ஜாஸ் கலைஞர் 1947, 1948இல் சார்லி பார்க்கரின் சாக்ஸபோன் தனிகளை மட்டும் பதிந்துகொண்டு மற்றவர்கள் வாசிக்கும்போது நிறுத்திவிடுவார். அந்தத் துண்டுகள் 1990இல் இசைத்தட்டுப் பெட்டியாகவே வெளிவந்தன. ஆகவே துண்டுக் கசற் என்று ஒதுக்க வேண்டாம்; வெட்டுகளை ஒட்டி அழகுபடுத்தவும் வேண்டாம், அப்படியே ஏற்றுங்கள்.

மின்சாரம் பற்றி: லப்டொப்பைச் சார்ஜரில் கொழுவியபடி யுஎஸ்பியில் பிளேயரை ஓட்டினால் ஒரு ரீங்காரம் சேர்வது வழக்கம். பதியும் நேரத்துக்குச் சார்ஜரைக் கழற்றுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து தனியான யுஎஸ்பி சவுண்ட் கார்ட்டின் லைன் இன்னுக்கு எடுத்து, பிளேயரைப் பற்றறியில் ஓட்டினால் இன்னும் சுத்தம். லப்டொப்பின் மைக் துளையில் கொழுவ வேண்டாம், அது ஒற்றைப் பக்கம்தான் எடுக்கும். மலிவுக் கார்பன் பற்றறி சீக்கிரம் இறங்கி வேகத்தையும் இழுத்துக்கொண்டு போகும். மீள்சார்ஜ் செய்யும் நிக்கல் பற்றறி 1.2 வோல்ற்தான் என்றாலும் கடைசிவரை ஏறக்குறைய அதே மட்டத்தில் நிற்கும். ஓடாசிற்றியில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பிளேயரின் சத்தச் சக்கரத்தை வையுங்கள்.

ஹெட்டைத் துடைக்கப் பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிறிட் உதவாது. அதில் எண்ணெய்ப் பொருள் சேர்த்திருக்கும், ஹெட்டிலும் றோளரிலும் படியும். போன் திருத்தும் கடைகளில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் இருக்கும். செம்மண் புழுதி ஏறிய கசற் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறை துடைக்க வேண்டியும் வரலாம்; பஞ்சு மண்ணிறமாக வருவது நின்றால் போதும்.

கசற்றைப் போடுமுன் சன்னல் வழியாக ரேப் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. ஓடவிட்டால் பிளேயர் முழுக்கப் பரவும், அடுத்த கசற்றுக்கும் ஒட்டும். மாரியில் இந்த வேலையே வேண்டாம், சித்திரைக்குப் பிறகு வையுங்கள். ரேப்பை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சு விழுந்திருந்தால் சத்தம் மங்கும். உதவாத கசற் ஒன்றிலிருந்து எடுத்து வைக்கலாம். ஐந்து திருகாணி வைத்த கூடு என்றால் சுருளையே புதுக் கூட்டுக்கு மாற்றலாம். பல ஆண்டு சும்மா கிடந்ததை முதலில் பென்சிலால் முழுக்கச் சுற்றி விடுங்கள். இந்தப் பெட்டியின் இழுவை பலவீனம், சிக்கிய சுருளை இழுக்கத் தெரியாமல் ரேப்பைத் தின்றுவிடும். 90 நிமிடக் கசற்றின் ரேப் 60 நிமிடத்தினதைவிட மெல்லியது. 120 நிமிடக் கசற்றை இதில் போடவே வேண்டாம்.

மாற்றிக்கொள்ளும்போது எம்பி3 கொடுப்பவரிடம் ஒலியைக் கெடுக்காத வேவ் அல்லது ஃபிளக் கேளுங்கள். 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிற் ஸ்ரீறியோ ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 635 மெகாபைற். மொனோ அதில் பாதி, ஃபிளக் ஆக்கினால் இன்னும் குறையும். வற்சப்பில் டொக்கியுமென்ற் ஆக 2 ஜிகாபைற்வரை போகும். கசற்றைப் போட்டு, போனைப் பக்கத்தில் பிடித்து வொய்ஸ் நோட் அனுப்பும் பழக்கத்தை மட்டும் யாரும் பிரதி என்று எண்ண வேண்டாம்.

கோப்போடு ஒரு எழுத்துக் குறிப்பும் போக வேண்டும்: எந்தக் கோயில், எத்தனையாம் திருவிழா, யார் நாதஸ்வரம், யார் தவில், எத்தனையாம் கைப் பிரதி, எந்தப் பெட்டியில் ஏற்றியது, எத்தனை சதவீதம் வேகம் திருத்தியது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் என்று மட்டும் எழுதினால் எந்த வருசம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஜாஸ் ரேப் மாற்றுபவர்கள் எத்தனையாம் தலைமுறை என்று எழுதாத பிரதியை மதிப்பதில்லை, அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும். தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தவர். அவர் தவிலை “முதல் கைக் கசற்” என்று யாராவது நீட்டினால், ஸ்பூல் ரேப்பிலிருந்து எத்தனை தடவை இறக்கியது என்று கேட்டுவிட்டு உங்கள் கையில் உள்ளதைக் கொடுங்கள். மூலக் கசற்றில், மேலே பதிந்து அழிபடாமல் காக்க உடைக்கும் தாவல் இரண்டையும் உடைத்த பிறகே வெளியே எடுங்கள். இரவல் கொடுப்பது கோப்பாக இருக்கட்டும்.

வாங்கப் போகும்போது பழகிய கசற் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே இரண்டு திசையும் ஓடவிடுங்கள். பக்கம் மாறும்போது டக்கென்று மாற வேண்டும். இழுத்து இழுத்து மாறினால் வேறொன்று கேளுங்கள். ஹெட்போனில் இடதும் வலதும் ஒரே அளவா என்று பாருங்கள், ஒரு பக்கம் மெலிந்து வரும் பெட்டி நிறைய உண்டு. மூடியைத் திறந்து றோளர் பளபளப்பில்லாத மென்மையான ரப்பரா என்று விரலால் தொடாமல் பாருங்கள். பெல்ட் தனியாக விற்பார்களா என்றும் கேட்டு, கிடைத்தால் அதே நாளில் இரண்டு வாங்கி வையுங்கள்.