டிக்கிக்கு நாமே ட்ரிம் போட: பலகை, கார்பெட், பசை எதில் காசைப் போடலாம்?

ஸ்விஃப்ட் மாதிரி ஹேட்ச்பேக்கில் டிக்கி ஆழமாக இருக்கும், வாசல் விளிம்பும் உயரமாக இருக்கும். 2018இல் வந்த ஸ்விஃப்டுக்கு டிக்கி அளவு 268 லிட்டர். பின் சீட்டை மடக்கினால் சீட்டின் முதுகு மேலே, டிக்கித் தரை கீழே என்று நடுவில் ஒரு படி நிற்கும். நீளமான பெட்டியைத் தள்ளும்போது அது அந்தப் படியில் இடிக்கும். விளிம்பு மட்டத்துக்கு ஒரு பலகைத் தளம் போட்டு, பக்கச் சுவரிலும் கார்பெட் ஒட்டிவிட்டால், அதாவது ட்ரிம் போட்டுவிட்டால், இந்தத் தொல்லை தீரும். பலகைக்குக் கீழே ஜாக்கி, டூல்ஸ், முதலுதவிப் பெட்டி வைக்கவும் இடம் கிடைக்கும். வேலை இரண்டு நாள்தான். பொருள் தேர்வில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பார்வைக்குத் தெரியும் கார்பெட்டுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, கண்ணில் படாத பசையில் மிச்சம் பிடிக்கிறார்கள். முதல் கோடையிலேயே ஓரம் கழன்று தொங்குகிறது.

சென்னையில் கார்பெட், கிளிப், பீடிங் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் கிடைக்கும். கழற்றிய ஒரிஜினல் பேனல் தேடுபவர்களுக்குப் புதுப்பேட்டை. பலகையும் பசையும் வீட்டுப் பக்கத்து பிளைவுட் கடையிலேயே வாங்கலாம்.

முதலில் பலகை. 9 மி.மீ. மரைன் பிளைவுட், அதாவது தண்ணீர் தாங்கும் வகை, போதும். பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஐ.எஸ். 303 சாதாரண பிளைவுட்டுக்கான தரம். ஈரக்குடை, மீன் பை, தண்ணீர் கேன் எல்லாம் ஏறி இறங்கும் டிக்கிக்கு அது சரிவராது. 90 செ.மீ. அகலம், 65 செ.மீ. நீளம் வரும் தளம் 9 மி.மீ.யில் ஏறத்தாழ மூன்றரை கிலோ வரும், 12 மி.மீ.யில் நாலரை கிலோ. 6 மி.மீ. போட்டால் அடியில் நடுச்சட்டம் கட்டாயம், இல்லையென்றால் அரிசி மூட்டை வைத்ததும் தொய்ந்துவிடும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை அறுக்க வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆனால் ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊதிப்போய் மறுபடி இறங்காது, வேண்டாம். பி.வி.சி. ஃபோம் போர்டு லேசானது, நனைந்தாலும் கெடாது. ஆனால் வெயிலில் நிற்கும் காரில் இளகி வளைந்துவிடும். பக்கச் சுவரில் சின்னத் துண்டாக வைக்கலாம், பாரம் தாங்கும் தளத்துக்கு ஆகாது.

பலகையை அறுப்பதற்கு முன்னால் அட்டை. ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டை இதற்கு அருமை. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் தரைப் பாயை வைத்து வரையாதீர்கள். அது மெத்தென்று மடங்கி உட்காரும் பொருள், பலகை மடங்காது. டிக்கியின் நடுக்கோட்டை லாக் கொக்கியிலிருந்து சீட் வரை மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொண்டு, பாதி அட்டையை மட்டும் வெட்டிப் பொருத்துங்கள். பிறகு அதையே திருப்பி மறுபாதியில் வைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் இடமும் வலமும் ஒன்றாக இருக்காது. ஒரு பக்கம் ஜாக்கிப் பெட்டி இருக்கும், இன்னொரு பக்கம் விளக்கு வயர் போகும். வித்தியாசத்தை அட்டையிலேயே எழுதிவிடுங்கள். அட்டை கச்சிதமாக உட்கார்ந்த பின், சுற்றிலும் 5 மி.மீ. குறைத்துப் பலகையை வெட்ட வேண்டும். ஓரத்தில் கார்பெட் சுற்றி வரும்போது அதன் தடிமன் 3 முதல் 4 மி.மீ. சேரும். மீதி ஒரு மி.மீ. இல்லாவிட்டால் குண்டும் குழியுமான ரோட்டில் பலகை பேனலில் உரசிக் கீச்சிடும். இன்னொன்று, தளம் டிக்கி வாசல் வழியாகச் சாய்த்து உள்ளே போகுமா என்பதையும் அட்டையை வைத்தே சோதியுங்கள். உள்ளே சரியாக இருக்கும் அளவு வாசலில் நுழையாமல் போவது உண்டு. அப்போது சீட் பக்கம் மூன்றில் ஒரு பங்கில் இரண்டு துண்டாக்கி, அடியில் ரெக்சின் பட்டையால் கீல் மாதிரி இணைக்கலாம்.

தளம் பிளாஸ்டிக் பேனல் மேல் உட்காரக் கூடாது. பேனலின் கிளிப் பாரம் தாங்காது. 25 மி.மீ. சதுரச் சட்டத்தில் கால் கட்டி, பாரத்தை இரும்புத் தரைக்கு இறக்குங்கள். சட்டத்தின் அடியில் ரப்பர் பீடிங் ஒட்டினால் சத்தம் வராது. கடைசியில் வெல்க்ரோவாலோ சின்னக் கொக்கியாலோ தளத்தைப் பிடித்து வையுங்கள். ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே சுவர் இல்லை. சடன் பிரேக் அடித்தால் மூன்றரை கிலோ பலகை முன்னால் பாயும்.

கார்பெட்டில் நாம் பரிந்துரைப்பது, ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒட்டும் நெய்யாத பாலியஸ்டர் வகை. இழுத்தால் நாலு பக்கமும் நீளும், வீல் ஆர்ச்சின், அதாவது டயருக்கு மேல் டிக்கிக்குள் புடைத்து நிற்கும் பகுதியின், வளைவில் படியும், வெட்டிய ஓரம் நூல் பிரியாது. 2 மீட்டர் வாங்கினால் தளம், இரண்டு பக்கம், டிக்கிக் கதவின் உள்பக்கம் வரை பார்த்துக்கொள்ளலாம். வெட்டும் முன் ஒவ்வொரு துண்டின் முதுகிலும் ஒரே திசையில் அம்புக்குறி போடுங்கள். கையால் தடவினால் ரோமம் ஒரு பக்கம் படியும். திசை மாறிய துண்டு வெயிலில் வேறு நிறம் மாதிரி தெரியும். பஞ்சு வைத்துத் தைத்த லெதரெட் பாய், அதாவது கடைக்காரர்கள் 7டி என்று சொல்வது, தட்டையான தளத்துக்கு அழகு. வளைவில் மடிப்பு விழும். நூடுல்ஸ் பாய் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஓரம் சுற்றி ஒட்ட வராது.

இப்போது பசை. இந்த வேலையின் உயிரே இதுதான். வெள்ளை மரப்பசை கார்பெட்டுக்கு ஆகாது. காயும் வரை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், தண்ணீர் பட்டாலும் தளரும். காண்டாக்ட் பசைதான் தேவை. ஃபெவிகால் எஸ்.ஆர். 998 இந்த வகையில் எந்த பிளைவுட் கடையிலும் கிடைப்பது, ரெக்சினும் ஃபோமும் ஒட்டும் குஷன் கடைக்காரர்கள் கையில் எப்போதும் இருப்பது. தளத்துக்கு இது தாராளமாகப் போதும். வெயில் நேரே அடிக்கும் பக்கச் சுவருக்கும் கதவுக்கும் அதே கம்பெனியின் ஹீட்எக்ஸ் நல்லது. ஸ்ப்ரே பசை வாங்குவதாக இருந்தால் பொதுப் பயன்பாட்டு டப்பாவை எடுக்காதீர்கள். 3எம் கம்பெனி ஹெட்லைனருக்கும் (காரின் உள்கூரைத் துணி) மற்றத் துணிக்கும் என்றே தனி ஸ்ப்ரே விற்கிறது. காரின் சூடு தாங்க அந்த வகைதான் வேண்டும். முழு டிக்கிக்கும் ஒரு லிட்டர் டின் வாங்கிக்கொள்ளுங்கள்.

பூசும் முறை தவறினால் எந்தப் பிராண்டும் காப்பாற்றாது. பலகையிலும் கார்பெட் முதுகிலும், இரண்டிலும் பூச வேண்டும். கார்பெட் பசையைக் குடிக்கும் என்பதால் அதற்கு இரண்டாம் பூச்சு அவசியம். பிறகு 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும், நூல் மாதிரி இழுபடக் கூடாது. ஈரத்தோடு ஒட்டினால் கரைப்பான் உள்ளேயே சிக்கி, சூடு ஏறும்போது கொப்புளமாக எழும்பும். ஐப்பசி கார்த்திகை மழை நாளில் இந்த வேலை வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பசை மேல் படிந்து மங்கலாக ஒரு படலம் விழும். அதன் மேல் ஒட்டியது உரிந்து வரும். ஒட்டும்போது நடுவில் பிரவுன் தாள் வைத்து, ஒரு ஓரத்திலிருந்து தாளை உருவிக்கொண்டே உள்ளங்கையால் அழுத்துங்கள். பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், எடுத்துத் திருத்த முடியாது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஹீட் கன்னையும் ஆவி அடங்கிய பிறகே எடுங்கள்.

வீல் ஆர்ச்சுக்கு உச்சியில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக இறங்குங்கள். ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கார்பெட்டின் மேல்பக்கத்தைக் காட்டி இழுத்தால் மடிப்பு மறையும். ரோமம் பளபளத்தால் உருகிவிட்டது என்று அர்த்தம், அந்த இடம் திரும்பாது. உள்வளைவில் கயிறு மாதிரி இழுத்து ஒட்டினால் பின்னாளில் அது நிமிர்ந்து கழலும். அங்கே துணியைத் தளர்வாக வைத்து மூலையில் அழுத்தி உட்காரவையுங்கள். தளத்தின் வெளிமூலையில் வி வடிவில் வெட்டும்போது பலகைத் தடிமன் அளவு துணியை மிச்சம் விடுங்கள். மூலை வரை வெட்டினால் கட்டை தெரியும். அடிப்பக்கம் 4 செ.மீ. மடித்து ஒட்டி, 6 மி.மீ. ஸ்டேப்ளர் பின் அடித்தால் முடிந்தது.

பக்கப் பேனலைக் கழற்றினால் அதன் முதுகைப் பாருங்கள். > < என்ற குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் பெயர் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். பி.பி. என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன், அதில் காண்டாக்ட் பசை நேரடியாகப் பிடிக்காது. 120 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்த பிறகே பூச வேண்டும். ஏ.பி.எஸ். என்றிருந்தால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கரைப்பான் அதை அரிக்கும், மெல்லியதாகப் பூசுங்கள். கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், நைலான் பட்டையைக் கிளிப்புக்கு மிக அருகில் நுழைத்து நெம்புங்கள். பழைய கிளிப் சில உடையும், பத்து கிளிப் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மூடக் கூடாத இடங்கள் சில உண்டு. பின் பம்பருக்குப் பின்னால் பாடியில் காற்று வெளியேறும் துளை இருக்கும். அதை அடைத்தால் கதவு சாத்தும்போது அழுத்தம் எதிர்க்கும், ஏசிக் காற்றோட்டமும் குறையும். குழந்தை சீட்டின் மேல் பட்டை மாட்டும் கொக்கி, ஸ்டெப்னியின் போல்ட், தரையின் ரப்பர் அடைப்பு எல்லாம் கை எட்டும் நிலையில் இருக்க வேண்டும். சி.என்.ஜி. வண்டியாக இருந்தால் சிலிண்டர் வால்வும், சிலிண்டரில் பொறித்த எழுத்தும் தெரிய வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்டுக்கு (தண்ணீர் அழுத்தச் சோதனை) சிலிண்டரைக் கழற்ற வேண்டிவரும் என்பதால், அந்தப் பக்கத்துத் தளத்தை ஒட்டாமல் தூக்கி எடுக்கும் துண்டாகவே விடுங்கள். தூக்க 25 மி.மீ. நைலான் பட்டையில் ஒரு காது வைத்தால் போதும்.