போய்ச் சேராத கமிட்டுகள்: கிட் பயன்பாட்டில் சில ஆண்டுகள்

கல்லடியில் வீட்டிலிருந்து நிரல் எழுதும் நானும், அக்கரைப்பற்றிலிருந்து அதே திட்டத்தில் பணியாற்றும் என்னிலும் இளைய நண்பர் ஒருவரும் 2019 முதல், நிரலில் செய்யும் மாற்றங்களைக் கமிட்டுகள் என்ற பதிவுகளாகச் சேமிக்கும் கிட் (Git) என்ற மென்பொருள் வழியாகவே வேலையைப் பகிர்ந்து வருகிறோம். இத்தனை காலத்தில் புஷ், அதாவது என் கணினியில் உள்ள கமிட்டுகளைப் பொதுச் சேமிப்பிடத்துக்கு அனுப்புவது, எத்தனையோ முறை தடைபட்டிருக்கிறது; ஆனால் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்ற தடைகள் எவையும் என்னை அதிகம் வருத்தியதில்லை.

எங்கள் பொதுச் சேமிப்பிடம் இருக்கும் இணையத்தளமான கிட்ஹப், 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் செயல்களுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தியபோது, அதற்குப் பதிலான டோக்கன் என்ற இரகசியக் குறியீட்டை எடுத்ததும் காரியம் முடிந்தது. நண்பர் எனக்கு முன்பே புஷ் செய்திருந்தால் என்னுடையது நிராகரிக்கப்படும். அப்போது ஃபோர்ஸ் கொடுத்து வலிந்து அனுப்பி அவருடைய வேலையை அழிக்காமல், அவருடைய கமிட்டுகளை ஃபெட்ச் செய்து பெற்று, என்னுடையவற்றை அவற்றின் மேல் ரீபேஸ் செய்து அடுக்கினால் போதும்.

பெரிய கோப்பு விடயம் சற்றுக் கசப்பானது. 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை கிட்ஹப் ஏற்பதில்லை என்றாலும், கோப்பு முழுவதும் பதிவேறிய பின்னரே அந்த மறுப்பு வருவதால், மாத இறுதியில் டேட்டா குறைந்திருக்கும் நேரத்தில் அது இரட்டை நட்டம். தரவுத்தளப் பிரதியொன்றைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டு, அடுத்த கமிட்டில் நீக்கினால் சரியாகிவிடும் என்று நம்பி மீண்டும் அனுப்பினேன். பழைய கமிட்டில் அந்தக் கோப்பு அப்படியே இருந்ததால் அதே மறுப்புத்தான் வந்தது. அனுப்பப்படாத அந்தக் கமிட்டுகளையே திருத்தி எழுத வேண்டியிருந்தது.

உண்மையில் என்னை ஏமாற்றியது பிழையே காட்டாத ஒரு நாள். பழைய பதிப்பொன்றைப் பார்ப்பதற்காக அதன் கமிட் எண்ணைக் கொடுத்து செக்அவுட் செய்து அதைத் திறந்தவன், எங்கள் வேலை தொடரும் முதன்மைத் தடமான மெயின் கிளைக்குத் திரும்ப மறந்து இரண்டு நாட்கள் வேலை செய்து கமிட்டுகளும் இட்டேன். வழக்கம்போல் ஒரிஜின் (கிட்ஹப்பில் உள்ள பிரதி), மெயின் என்று பெயர் குறிப்பிட்டுப் புஷ் செய்தபோது, எல்லாம் புதுப்பித்த நிலையில் உள்ளதாகக் கிட் பதில் சொன்னது. மாலையில் நண்பர் தொலைபேசியில், “அண்ணன், நீங்க அனுப்பின எண்டு சொன்ன ஒண்டும் இஞ்ச வரல்லையே” என்றார். அவருடைய இணைப்பைத்தான் முதலில் சந்தேகித்தேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கிட் சொன்னது பொய்யன்று. மெயின் கிளை நகரவேயில்லை, ஆகவே அனுப்புவதற்கும் ஏதுமில்லை. என் கமிட்டுகள் எந்தக் கிளையிலும் சேராமல், நான் நிற்கும் இடத்தைக் காட்டும் ஹெட்டை மட்டுமே பற்றிக்கொண்டிருந்தன. பெயர் குறிப்பிடாமல் வெறுமனே புஷ் என்று கொடுத்திருந்தால், நீ எந்தக் கிளையிலும் இல்லை என்று அதுவே கண்டித்திருக்கும். நின்ற இடத்திலேயே புதுக் கிளை ஒன்றை உருவாக்கி, மெயினுக்குத் திரும்பி அதை மெர்ஜ் செய்து இணைத்து, மீண்டும் புஷ் செய்ததும் அனைத்தும் போய்ச் சேர்ந்தன. அவசரப்பட்டு முன்னரே மெயினுக்குத் தாவியிருந்தால், ஹெட் சென்ற இடங்களின் பதிவேடான ரீஃப்லாக்கில் அந்தக் கமிட் எண்ணைத் தேடியெடுக்க நேர்ந்திருக்கும்.

இப்போதெல்லாம் புஷ்ஷுக்கு முன் ஸ்டேட்டஸ் கொடுத்து, எந்தக் கிளையில் நிற்கிறேன் என்று சொல்லும் அதன் முதல் வரியைப் படிக்கிறேன். நண்பரோ தன் டெர்மினலில் கிளையின் பெயர் எப்போதும் தெரியும்படி செய்துகொண்டுவிட்டார்.