விடுமுறை மூன்று வாரமும் புகைக்கரியோடு

மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போனேன், அதில் இரண்டரை வாரம் சுவரைத் தேய்ப்பதிலும் படிவம் நிரப்புவதிலுமே போய்விட்டது. நான் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது பின்னறையில் இருந்த வாஷிங் மெஷின் தீப்பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுத் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அடித்ததில் பாதி அடங்கியது, மிச்சத்தைத் தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்தார்கள். "ஒரு ரூம்தான்ப்பா, மெஷினும் ஜன்னலும் போச்சு, நீ பதறாதே" என்று அப்பா போனில் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன்.

கதவைத் திறந்ததும் அடித்த வாடையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. மாடியில் நான் வழக்கமாகப் படுக்கும் அறையில், கூரை மூலைகளில் கறுப்புக் கறுப்பாக இழைகள் தொங்கின. பத்தே நாளில் இவ்வளவு ஒட்டடையா என்று அம்மாவுக்கு ஆச்சரியம். அது ஒட்டடையே இல்லை. காற்று அசையாத மூலைகளில் புகைக்கரித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழை மாதிரி தொங்குமாம். சூடான புகை குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய்ப் படியும், அதனால் தீப்பிடித்த அறைக்குப் பக்கத்து அறையைவிட மாடியின் வெளிச்சுவர் உட்புறத்திலும் ஜன்னல் கண்ணாடியிலும் கரி அதிகம். பூட்டியிருந்த பீரோவுக்குள் மடித்து வைத்த துணியில்கூட மடிப்பு ஓரமெல்லாம் சாம்பல் கோடு.

இதில் எங்கள் வீட்டார் செய்த வேலையையும் சொல்லிவிட வேண்டும். தீ அணைந்த மறுநாளே ஈரத்துணியால் ஹால் சுவரைத் துடைத்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பசையுள்ள கரி ஈரம் பட்டதும் பெயிண்டுக்குள் இறங்கி, துடைத்த கை போன வழியெல்லாம் பட்டை பட்டையாக நின்றுவிட்டது. அப்புறம் வாடை போகட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் ஏசி ஓட்டியிருக்கிறார்கள், அது இருந்த கரியை இழுத்து ஊதி வீடு முழுக்கப் பரப்பிவிட்டது. திட்டவும் முடியவில்லை. நான் அங்கே இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன்.

சரி, யார் யார் எப்படி வேலை செய்தார்கள் என்று பார்ப்போம். தீயணைப்பு நிலையத்தில் அறிக்கையின் நகல் இரண்டு நடையில் கிடைத்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. எலெக்ட்ரீஷியன்தான் உண்மையிலேயே அசத்தினார். நான் கூப்பிட்டது பின்னறைக்கு மட்டும், அவராகவே எல்லா அறையிலும் சுவிட்ச் போர்டைக் கழற்றிக் காட்டினார். வயரின் மேலுறையான பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரம் சேர்ந்தால் அது அமிலம். மாடி போர்டில்கூடச் செம்பு முனைகள் பச்சை பூக்கத் தொடங்கியிருந்தன. தீயணைப்பானிலிருந்து வந்த பொடியும் சாதுவானது இல்லை, ஈரத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். டிவி, கம்ப்யூட்டர் எதையும் சுத்தம் செய்யாமல் போடாதீர்கள் என்றார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை, டிவி பத்து நாளாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சுத்தம் செய்ய வந்த முதல் கோஷ்டி வாளியும் சோப்புமாக வந்தது, வாசனை ஸ்பிரே ஒன்றும் கையில். அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டேன். இரண்டாவதாக வந்தவர்களுக்கு வேலை தெரிந்திருந்தது: முதலில் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த வேக்குவம், பிறகு ரப்பர் போன்ற காய்ந்த ஸ்பாஞ்சால் அழுத்தாமல் ஒரே திசையில் துடைத்து எடுப்பது, கரி குறைந்த பிறகுதான் தண்ணீர். பெயிண்டரோ அன்று மாலையே ஆரம்பிக்கத் தயாராக இருந்தார். "ரெண்டு கோட் அடிச்சா ஒண்ணும் தெரியாது சார்." தெரியாதுதான், கொஞ்ச நாளைக்கு. கரியை எடுக்காமல் தண்ணீர் பெயிண்ட் அடித்தால் மஞ்சளாகக் கறை மேலே வரும், வாடையும் திரும்பும். கறை தடுக்கும் ஷெல்லாக் பிரைமர் (அரக்கில் செய்த அடிப்பூச்சு) அடித்த பிறகுதான் பெயிண்ட் என்று அவரிடம் அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது.

காப்பீட்டுக் கதை தனி. பாலிசி என் பெயரில், வீட்டுக் கடன் வாங்கியபோது எடுத்தது. அப்பா தகவல் சொல்லிவிட்டார், ஆனால் க்ளெய்ம் படிவத்தில் என் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகரவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டில் இருப்பவருக்கு ஒரு அதிகாரக் கடிதம் எழுதி வைத்துவிட்டு வருவது நல்லது, எனக்கு இது இப்போதுதான் உறைத்தது. நஷ்டத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்தார், பின்னறையை இருபது நிமிடம் படம் எடுத்தார், ஃபைலை மூடினார். மாடிக்கு வாருங்கள் என்று கூட்டிப்போய் வெள்ளைப் பஞ்சால் சுவரில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். பஞ்சு கறுத்துவிட்டது. "இதை ஏன் சார் நீங்க படிவத்துல எழுதலை?" என்றார். பார்த்தால் அப்பா 'பின்னறை சேதம்' என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தார். அன்றே திருத்தி ஒரு கடிதம் கொடுத்தேன், ஒவ்வொரு அறையாக, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பஞ்சும் படமும் வைத்து. அதன் பிறகு அந்த மனிதர் ஏசிக் குழாயின் உட்பக்கம் வரை டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, எழுதாததை அவர் ஏன் தேட வேண்டும்?

வருத்தம் காப்பீட்டு அலுவலகத்தின் மேல்தான். ஒரே ஆவணத்தை மூன்று பேர் மூன்று முறை கேட்டார்கள், அதனால் கடைசியில் எதையும் வாயால் சொல்லாமல் மின்னஞ்சலிலேயே அனுப்பத் தொடங்கினேன். பொருள் பட்டியலில் வாங்கிய ஆண்டும் பில்லும் வேண்டுமாம். பத்து வருஷத்து சோஃபாவுக்கு எங்கே போவது? பழைய பிறந்தநாள் படங்களில் கேக்குக்குப் பின்னால் சோஃபாவும் டிவியும் தெளிவாகத் தெரிந்தன, அதையே கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். அம்மா அவசரப்பட்டுத் தூக்கிப்போட்ட மெத்தையும் திரைச்சீலையும் மட்டும் கணக்கில் வரவே இல்லை, சர்வேயர் கண்ணால் பார்க்கவில்லை என்பதால்.

இன்னொரு இடி, பாலிசித் தொகை கடன் எடுத்த காலத்து மதிப்பு. வீட்டின் இன்றைய மதிப்பு நூறு என்றால் நாங்கள் காப்பீடு செய்திருந்தது எழுபதுக்கு, ஆகவே பத்து நஷ்டம் என்றால் ஏழுதான் கைக்கு வரும், அதிலும் தேய்மானம் கழியும். எல்லாப் பாலிசியிலும் இப்படி இல்லை, எங்களுடையதில் அந்த விதி இருந்தது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு தாள் நீட்டினார்கள், 'முழுமையான இறுதித் தீர்வாக' ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்துக் கேட்டு. எலெக்ட்ரீஷியன் சொன்னது நினைவு வந்து, மின்சாதனங்கள் நீங்கலாக என்று எழுதித் தந்தால்தான் போடுவேன் என்றேன். முனகினார்கள், பிறகு எழுதிக் கொடுத்தார்கள். கட்டடத்துக்கான பணம் வந்துவிட்டது. நான் இங்கே திரும்பி ஐந்தாவது வாரம் அப்பா போன் செய்தார், டிவியில் பாதித் திரைக்குப் படம் இல்லையாம். மெக்கானிக் பின்பக்கத்தைக் கழற்றி எடுத்த போட்டோவில் போர்டு முழுக்கப் பச்சை. அதை அந்தத் தாளோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன், பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.