ரம்மிப் பணமும் நெல் பணமும் ஒரே கணக்கிலா?

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், காசு கட்டி ஆடும் ஆட்டங்களை ரம்மி, போக்கர் என்று பிரிக்காமல் மொத்தமாகத் தடை செய்தது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் இந்த ஆட்டங்களுக்குப் பணப் பரிமாற்றம் செய்துகொடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். பிறகு வங்கியும் பணம் அனுப்பும் ஆப்களும் சும்மா இருக்குமா? சந்தேகம் வந்தால் முதலில் கணக்கைப் பூட்டுகிறார்கள், அப்புறம்தான் விசாரணை.

அந்தப் பூட்டு விழுந்தால் எந்தக் கணக்கு நம்மைக் குறைவாக அடிக்கும் என்று பார்ப்போம்.

ஜிபே, போன்பே போன்ற யுபிஐ ஆப்களில் நம் பணம் இருப்பதில்லை. ஆப் நம்மைத் தடுத்தாலும் பணம் வங்கியில்தான் கிடக்கும். பாஸ்புக்கோடு போய் எடுத்துக்கொள்ளலாம். பூட்டியது வங்கி என்றால் கதை வேறு. யுபிஐ, ஏடிஎம், காசோலை எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும்.

டெல்டாவில் பல வீடுகளில் அந்த ஒரே கணக்குக்குத்தான் எல்லாம் வருகிறது: கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம், பயிர்க்கடன், நூறு நாள் வேலைக் கூலி. அதே கணக்கை மகன் தன் போனில் யுபிஐயோடு இணைத்து வைத்திருப்பான். சம்பா அறுவடை முடிந்து, மெஷின் வாடகைக்கு ஆள் வாசலில் நிற்கும் நேரத்தில் கணக்கு பூட்டப்பட்டால் என்ன செய்வது? என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு இதுதான்.

முன்கூட்டியே பணம் போட்டு வைத்துச் செலவழிக்கும் வாலட் பரவாயில்லை. முழு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடித்தாலும் 2 லட்சத்துக்கு மேல் வைக்க முடியாது, குறைந்தபட்ச கேஒய்சி என்றால் 10,000தான். போனால் அவ்வளவுதான் போகும். ஆனால் பணம் அந்த நிறுவனத்திடமே இருப்பதால், பூட்டினால் பணமும் உள்ளேதான். நேரில் போய்க் கேட்க திருத்துறைப்பூண்டியில் ஏது கிளை? சாட்டில் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

என் ஓட்டு தனிக்கணக்குக்கு. நெல் பணம் வராத வேறொரு வங்கியில் ஒரு ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்கி, அதில் சில ஆயிரம் மட்டும் போட்டு, யுபிஐயை அதோடு மட்டும் இணைத்துவிடுங்கள். கொஞ்சம் அலைச்சல்தான். பூட்டு விழுந்தாலும் மெஷின்காரருக்குப் பணம் கொடுத்துவிடலாம்.

கடைக்காரர்களுக்கு இது மட்டும் போதாது. "அண்ணே, 2,000 ஸ்கேன் பண்றேன், 1,900 கையில குடுங்க" என்று பையன் வந்து நிற்பான். நூறு ரூபாய் லாபம்தானே என்று தோன்றும். தடைக்குப் பிறகும் நடக்கும் வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்கள், யார் யாருடைய கணக்கிலோ பணத்தை வாங்கிக் கைமாற்றி விடுகின்றன. பையன் ஸ்கேன் பண்ணும் 2,000 அந்தப் பணமாகக்கூட இருக்கலாம். ஏமாந்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் கொடுத்தால், பணம் போன வழியில் உள்ள கணக்குகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். டீயும் வடையும் விற்ற காசும் அதோடு சேர்ந்து மாட்டும். கடைக்கென்று தனிக் கரண்ட் அக்கவுண்ட், அதற்கு மட்டும் க்யூஆர், கைக்காசு மாற்றிக் கொடுப்பதில்லை என்று கறாராக இருப்பது நல்லது.

பூட்டுக்கு எங்கே சாவி என்பது பூட்டியவரைப் பொறுத்தது. வங்கியோ வாலட்டோ தானாகப் பூட்டியிருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. போலீஸ் சொல்லிப் பூட்டியிருந்தால் அங்கே போய்ப் பயனில்லை. எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகார் எண், சந்தேகத் தொகை எவ்வளவு என்று வங்கியிடம் எழுதி வாங்குங்கள். 2024இல் இப்படி ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மீதியை இயக்க அனுமதித்தது. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தொகை விவரம் கையில் இருக்கட்டும்.